ஜபல்பூர் என்பும் கல்லமேட்டு என்பும்

வரலாறு எழுதப் புகுவோனுக்குச் சான்றே முதற்பொருள். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலை ஆகியன மனிதகுல வரலாற்றின் சான்றுகள். மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளின் முன்னர் வாழ்ந்து மறைந்த உயிர்களின் வரலாற்றுக்கோ எழுத்துச் சான்று எதுவும் இல்லை. மண்ணுட் புதைந்து கல்லாக இறுகிய என்புகளே அவ்வரலாற்றின் கல்வெட்டுக்களாம். சிதைந்த கல்லொன்றில் எஞ்சிய சில எழுத்துக்களைக் கொண்டு மன்னனொருவனின் காலத்தை அறிஞர் துணிதல் போல, உடைந்த என்புகள் ஒன்றிரண்டைக் கொண்டே பேருயிரொன்றின் இயல்பைப் புவிச்சரிதவியலார் துணிகின்றனர்.

ஆயினும், கல்வெட்டுக்கு நேரக்கூடிய தீங்கு என்புக்கும் நேரக்கூடும். கல் காணாமற் போய்விடின், அதனை முதலிற் படித்தவர் கூற்றை ஏற்பதோ மறுப்பதோ அன்றிப் பின்வந்தோர் செய்யத்தக்கது வேறில்லை. கல் இருக்குமாயின், முன்னவர் பிழைபடப் படித்த எழுத்தைப் பின்னவர் திருத்திப் படிக்கலாம். எனவே, சான்றைக் கண்டெடுத்தல் ஆராய்ச்சியின் பாதி; அதனைக் காத்தல் மற்றைப் பாதி. இந்திய மண்ணிற் கிடைத்த இரண்டு தாவரவுண்ணிப் பேருயிர்களின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஒன்று நருமதை நதிக்கு அணித்தாகிய ஜபல்பூரிலும், மற்றது தமிழ்நாட்டு அரியலூர்ப் பகுதியிலும் கிடைத்தன. இரண்டும் முழுவுடலாகக் கிடைத்தவை அல்ல. ஒன்றின் என்பு மறைந்து மீண்டது. மற்றதன் என்பு மீளாதவாறு அழிந்தது.

பேருடல் உயிரினம்

டைனோசர் என்னும் பெயரை 1842 ஆம் ஆண்டில் வழங்கியவர் இங்கிலாந்தின் உடற்கூற்று வல்லுநராகிய றிச்சாட் ஓவன் ஆவர். அச்சந்தரும் பல்லி என்பது அக்கிரேக்கத் தொடரின் பொருள். பெயர் அவ்வாறாயினும் அவ்வுயிர்கள் இன்றைய பல்லிகளின் முன்னோர் அல்ல. அவற்றின் வழித்தோன்றல்களாக இன்றும் எஞ்சியுள்ளவை பறவைகளே. டைனோசர்களுள்ளே தூண்போன்ற நான்கு கால்களும், நீண்ட கழுத்தும், நீண்ட வாலும், உடலின் பருமைக்குச் சற்றும் ஒவ்வாத சிறுதலையும் கொண்ட தாவரவுண்ணிகளைச் சோரோபொட் என்பர். 1878 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மார்ஷ் இட்ட பெயர் அது. நிலத்தில் நடமாடிய உயிர்களுள் இவற்றினும் பெரியன இருந்தமைக்குச் சான்றில்லை.

உடல் பெரிதாகலின் என்புகளும் நிறையக் கிடைக்கும் எனக் கருதுதல் இயல்பே. உண்மை இதற்கு மாறானது. சிறிய உயிரொன்றை ஒரே வெள்ளத்து வண்டல் முழுவதும் மூடிவிடும். இருபது மீற்றர் நீண்ட உடலை அவ்வாறு மூடுதல் அரிது. மூடப்படாத பகுதியைப் பிணந்தின்னும் விலங்குகள் சிதைக்கும். ஆற்றுநீர் அடித்துச் செல்லும். கழுத்தென்புகள் காற்றறைகள் நிறைந்து மெலிந்தவையாதலின் எளிதில் நொருங்கும். தலையோடு சிறிதாயும் மெல்லிதாயும் இருத்தலின் உடலினின்று விரைவிற் பிரிந்து போகும். 1975 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட பாராபசோரஸ் தாகோரை என்னும் இந்தியச் சோரோபொட் இதற்குச் சான்று. கோதாவரிப் பள்ளத்தாக்கிலே அவ்வினத்தின் என்புகள் முந்நூறளவில் எடுக்கப்பட்டன. அவற்றைக் கோத்து நிறுத்திய உருவம் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிவர நிறுவனத்தில் உள்ளது. பெருங்கால் என்னும் பொருள்பட்ட வங்கச் சொல்லும் கவி தாகூரின் பெயரும் இணைந்து அதன் பெயராயின. அத்துணை என்புகள் கிடைத்தும் தலையோடு கிடைத்திலது. முந்நூறு என்புகள் கிடைத்த உயிருக்கே இக்குறை உண்டெனின், ஒன்றிரண்டு என்புகளே கிடைத்தவற்றின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

குன்றிற் கிடைத்த இரு முள்ளென்புகள்

1828 ஆம் ஆண்டிலே கிழக்கிந்தியக் கொம்பனியின் வங்கப்படையைச் சேர்ந்த கப்டின் வில்லியம் ஹென்றி சிலீமன் ஜபல்பூரில் இருந்தார். வழிப்பறிக் கொலைஞராகிய தக்கர்களை அடக்கியவர் என இந்திய வரலாற்று நூல்களிற் பேசப்படுபவர் இவரே. கல்லாகிய மரத்துண்டுகளைத் தேடி அவ்வூரின் பாரா சிம்லாக் குன்றிலே திரிந்தபொழுது, மரத்தோடு என்புகளையும் அவர் கண்டார். அவற்றுள் இரண்டு வாற்பகுதி முள்ளென்புகள். அவர் எடுத்த காலத்தில் டைனோசர் என்னும் சொல்லே பிறந்திலது. மெகலோசோரஸ் என்னும் பெயரைப் பக்லண்ட் வெளியிட்டு நான்கு ஆண்டுகளும், இகுவனோடன் என்னும் பெயரை மான்ரெல் வெளியிட்டு மூன்று ஆண்டுகளுமே கழிந்திருந்தன. எனவே, டைனோசர் ஆராய்ச்சியின் தொடக்க நாட்களிலேயே இந்திய என்புகளும் வெளிப்பட்டுவிட்டன. ஆனால் அவை எவ்வுயிரின் என்புகள் என்பதை எடுத்தவரும் அறியார், பெற்றவரும் அறியார்.

சிலீமன் அவற்றைச் சத்திரவைத்தியர் ஸ்பில்ஸ்பரியிடம் கொடுத்தார். அவர் 1832 ஆம் ஆண்டிலே கல்கத்தாவிலிருந்த ஜேம்ஸ் பிரின்செப்புக்கு அனுப்பினார். இப்பிரின்செப் ஈழத்து வரலாற்று மாணவருக்குப் புதியவர் அல்லர். 1837 ஆம் ஆண்டிலே பிராமி எழுத்தைப் படித்து அசோகனின் சாசனங்களுக்கு வாய் திறந்தவர் அவரே. அச்சாசனங்களிற் காணப்பட்ட பியதசி என்பவன் அசோகனே எனத் துணிவதற்கு, இலங்கையிலே மகாவமிசத்தை ஆராய்ந்த ஜோர்ஜ் ரேணர் பாளி நூல்களிலிருந்து துணைபுரிந்தார். கல்லெழுத்தைப் படித்த கைகளே கல்லென்பையும் பெற்றன. எழுத்துப் பேசிற்று, என்பு பேசவில்லை. எழுத்தை ஒப்புநோக்குதற்கு வேறு எழுத்துக்கள் இருந்தன. என்பை ஒப்புநோக்குதற்குரிய வேறு என்புகள் அக்காலத்திற் போதியவாறு இருந்தில.

ஆயினும் கல்கத்தாவில் இருந்தோர் அவற்றை எறிந்துவிடவில்லை. பொருள் விளங்காத பொருளையும் பேணிவைத்தார்கள். அதுவே பின்வந்த ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. சிவாலிக் மலைப் புதையுயிர்களை ஆராய்ந்து புகழ்பெற்ற ஹியூ பல்கனரின் பார்வைக்கு 1862 ஆம் ஆண்டில் அவ்வென்புகள் சென்றன. அவை ஊர்வனவொன்றின் முள்ளென்புகள் என அவர் கண்டார். அவர் 1865 இல் மறைந்தபின் 1868 இல் வெளிவந்த அவரது தொகுப்பிலே அக்குறிப்பு அச்சேறியது. 1877 ஆம் ஆண்டிலே, இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்திற் பணிபுரிந்த றிச்சாட் லைடெக்கர் அவ்விரு முள்ளென்புகளுக்கும் டைட்டனோசோரஸ் இந்திக்கஸ் என்று பெயரிட்டார். ஜபல்பூரிலே மெட்லிகொட் கண்டெடுத்த தொடையென்பொன்றையும் அதனோடு சேர்த்தார். டைட்டன் என்போர் கிரேக்கர் கதைகளிற் கூறப்படும் பேருருவினர். இந்திக்கஸ் என்பது இந்தியாவுக்குரியது எனப் பொருள்படும். கண்டெடுத்ததற்கும் பெயரிட்டதற்கும் இடையே 49 ஆண்டுகள் சென்றன. பேணிவைத்தோர் இல்லையெனில் அப்பெயர் பிறந்திராது.

லைடெக்கர் அதனைத் தனிச்சாதியெனத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. அம்முள்ளென்பின் முன்முகம் கிண்ணம்போற் குழிந்தும், பின்முகம் பந்துபோற் குவிந்தும் இருந்தன. ஓரென்பின் குமிழ் அடுத்த என்பின் குழியிற் பொருந்த, வால் முழுவதும் பூட்டும் திறப்பும் போல அமைந்திருந்தது. அந்நாளில் அறியப்பட்ட வேறு பேருடல் டைனோசர்களின் வாலில் இவ்வமைப்பு இல்லை. ஆகவே இஃது இவ்வுயிருக்கே உரிய அடையாளம் என அவர் கொண்டதிற் குற்றமில்லை.

பெயரின் ஏற்றமும் தளர்வும்

குழியும் குமிழும் கொண்ட வாலென்புகள் பிறநாடுகளிலும் வெளிப்படலாயின. 1893 ஆம் ஆண்டில் லைடெக்கரே தென்னமெரிக்காவின் பற்றகோனியாவிற் கிடைத்த என்புகளை டைட்டனோசோரஸ் என்னும் சாதியிற் சேர்த்தார். 1896 இலே பிரான்சிய அறிஞர் டெப்பரே மடகஸ்கார்த் தீவின் என்புகளையும் அவ்வாறே பெயரிட்டார். ஐரோப்பாவிலும், பின்னர் லாவோஸ் நாட்டிலும் கிடைத்த என்புகள் அப்பெயர் பெற்றன. ஈற்றில் அச்சாதியின் கீழ் எழுதப்பட்ட இனங்கள் பதினான்கு ஆயின.

இப்பரவல் பிறிதொரு பெரும் வினாவுக்கும் துணையாயிற்று. இந்தியா, மடகஸ்கார், தென்னமெரிக்கா ஆகிய நிலங்கள் இன்று கடல்களாற் பிரிக்கப்பட்டுள்ளன. ஒத்த உயிர்கள் அங்கெல்லாம் வாழ்ந்தன எனின், அந்நிலங்கள் ஒருகாலத்தில் இணைந்திருந்தன எனக் கருத இடமுண்டு. அவ்வாறு இணைந்திருந்த பெருநிலம் கோண்டுவானா எனப்படும். இப்பெயர் மத்திய இந்தியாவின் கோண்டர் நாட்டிலிருந்து பிறந்தது. அதனைப் பாறைத் தொகுதியொன்றுக்கு முதலில் வழங்கியவர், ஜபல்பூர்த் தொடையென்பை எடுத்த அந்த மெட்லிகொட்டே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பெயர் பரவியவாறே அதன் அடிப்படை தளர்ந்தது. சோழர் கல்வெட்டுக்களைப் படித்தோர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை ஒருவர்மாறி ஒருவர் புனைந்தனர். பரகேசரி என்ற பட்டம் மட்டும் எஞ்சிய கல்வெட்டைக் கொண்டு, அது சோழ மன்னனொருவனது என்று கூறலாம். இன்ன மன்னனது என்று கூறல் இயலாது. குழியும் குமிழுங் கொண்ட வாலென்பும் அத்தகையதாயிற்று. 1877 இலே ஓருயிரின் தனி அடையாளமாகத் தோன்றியது, நூற்றாண்டொன்று கழிவதற்குள் ஒரு பெருங்குலத்தின் பொது அடையாளம் என்பது தெளிவாயிற்று. 2003 ஆம் ஆண்டிலே ஜெப்ரி வில்சன், போல் அப்சேர்ச் என்னும் இருவர் பதினான்கு இனங்களையும் மீளாய்ந்தனர். அவற்றுள் ஐந்தே தம்மைத் தாம் வேறுபடுத்திக் காட்டத்தக்க சான்றுடையன என்றும், டைட்டனோசோரஸ் இந்திக்கஸ் அவற்றுள் ஒன்றன்று என்றும் முடிவு கூறினர். சான்று வலுவுடைய இனங்கள் வேறு சாதிப்பெயர்களில் வழங்கலாயின. மகாராட்டிரத்துத் தொங்கர்காவிற் கிடைத்து 1997 இல் டைட்டனோசோரஸ் எனப் பெயர்பெற்ற இனம் இசிசோரஸ் ஆயிற்று. தலைவன் பெயர் ஐயத்துக்கு உரியதாகியும் குலப்பெயர் நிலைத்தது. டைட்டனோசோர்கள் என்னும் பெருங்குலத்தை இன்றும் உலகம் அப்பெயராலேயே அறியும்.

மறைந்து மீண்ட சான்று

அம்மீளாய்வு நிகழ்ந்த காலத்திற் பிறிதொரு குறையும் இருந்தது. 1877 இற் பெயர்பெற்ற முள்ளென்புகள் இருக்குமிடம் அறியப்படவில்லை. லைடெக்கர் வெளியிட்ட படங்களும் விவரமுமே ஆராய்ச்சியாளர் கையில் இருந்தன. இடையிலே ஜபல்பூர் மேலும் பல என்புகளைத் தந்திருந்தது. சாள்ஸ் மற்லி என்பவர் 1917 முதல் பாரா சிம்லாக் குன்றிலே அகழ்ந்து எடுத்தவற்றை, ஜேர்மானிய அறிஞர் வொன் ஹூனேயுடன் சேர்ந்து 1933 இலே பெருநூலாக வெளியிட்டார். அவ்வென்புகள் கல்கத்தாவுக்கும் இலண்டனுக்குமாகப் பகிரப்பட்டன. அவற்றுள்ளும் சில பிற்காலத்தார் தேடியபோது அகப்படவில்லை. நூதனசாலையிற் சேர்த்தல் வேறு, சேர்த்ததைப் பதிவுசெய்து காத்தல் வேறு என்பதை இது காட்டும்.

இந்தியாவின் டைனோசர் என்புகளைத் தேடிப் பதிவுசெய்யும் முயற்சியொன்றின் பயனாக, 2012 ஆம் ஆண்டிலே டைட்டனோசோரஸ் இந்திக்கஸின் வாலென்புகளுள் ஒன்று கல்கத்தாவில், புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் சேகரிப்பிலேயே மீளக் காணப்பட்டது. தனஞ்சய் மொகபே, சுபாசிஸ் சென், ஜெப்ரி வில்சன் ஆகியோர் 2013 இல் இதனை அறிவித்தனர். என்பு மீண்டமையாற் பெயர் தானாக மீண்டுவிடாது. பட்டப்பெயர் மட்டும் எஞ்சிய கல்வெட்டுக் கைக்கு வந்தமையால் மன்னன் பெயர் அதிலே தோன்றிவிடாதன்றோ? ஆனால், இனி ஐயமுறுவோர் நூற்றாண்டு பழைமையான படத்தை நோக்கி ஐயுற வேண்டியதில்லை; என்பையே நோக்கலாம். இஃது ஆராய்ச்சிக்குக் கிடைத்த பெரும்பேறு.

காக்கப்பட்ட சான்று காலங்கடந்து பேசும் என்பதற்கு இவ்வுயிர்க்குலத்திலேயே பிறிதொரு சான்றுண்டு. குசராத்து மாநிலத்தின் தோலி துங்கிரி என்னும் ஊரிலே 1980 களில் மொகபே கற்பாளமொன்றை எடுத்தார். அதில் முட்டைகளும் சிறு என்புகளும் இருந்தன. அவ்வென்புகள் யாவும் டைனோசர்க் குஞ்சினுடையவை என முதலிற் கருதப்பட்டது. அக்கல் காக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டில் வில்சன் அதனை நோக்கியபோது, அவ்வென்புகளிற் சில பாம்பின் முள்ளென்புகள் எனக் கண்டார். ஏறத்தாழ மூன்றரை மீற்றர் நீண்ட பாம்பொன்று, பொரித்து வெளிவந்த சோரோபொட் குஞ்சின் அருகே உடலைச் சுருட்டிக் கிடந்தவாறே புதையுண்டமை வெளிப்பட்டது. அப்பாம்பு 2010 இலே சனஜே இந்திக்கஸ் எனப் பெயரிடப்பட்டது. வளர்ந்தபின் எவ்விலங்கும் அணுகவஞ்சும் பேருயிர், பிறந்தவுடன் பாம்புக்கு இரையாகும் நிலையில் இருந்தது என்பதை அக்கல் ஒன்றே உணர்த்திற்று.

என்பு மட்டுமன்றி எச்சமும் சான்றாகும். மகாராட்டிரத்துப் பிஸ்துரா என்னுமிடத்திற் கல்லாகிய சாணக்கட்டிகள் பல கிடைக்கின்றன. இவை டைட்டனோசோர்களுடையவை எனக் கருதப்படுகின்றன. இவற்றைக் கரைத்துப் பார்த்த வந்தனா பிரசாதும் பிறரும், புல்லினங்களிற் காணப்படும் நுண்ணிய சிலிக்காத் துணுக்குகள் அவற்றுள் இருப்பதை 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டைனோசர்க் காலத்திற் புல் இல்லை என்னும் பழைய கருத்து அதனோடு வீழ்ந்தது. 2011 இல் நிகழ்ந்த ஆய்வு அத்துணுக்குகளுட் சில நெற்குலத்தோடு உறவுடைய புற்களின்பாற்பட்டவை எனக் காட்டிற்று. எவரும் விரும்பிப் பேணாத பொருளே ஒரு பெருங்கருத்தைத் திருத்தியது.

கல்லமேடு

இனி, மற்றை என்பின் வரலாறு. தமிழ்நாட்டின் அரியலூரைச் சூழ்ந்த நிலம் புவிச்சரிதவியலாருக்கு நெடுங்காலமாக அறிமுகமானது. கிரெத்தேசியக் காலத்திலே கடல் அந்நிலத்தின்மீது ஏறியும் இறங்கியும் இருந்தமையால், கடலுயிர்களின் ஓடுகள் அங்கே செறிந்துள்ளன. 19 ஆம் நூற்றாண்டிலே பிளான்பொட், ஸ்டொலிஸ்கா முதலியோர் அவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தனர். கடல் பின்வாங்கிய ஈற்றுக்காலத்தில் ஆறுகள் கொணர்ந்த மணலும் களியும் படிந்த இடங்களுள் ஒன்று கல்லமேடு. அங்கே டைனோசர் என்புகள் உள்ளமையை மற்லி 1929 இலே எழுதினார். ஜபல்பூரை அகழ்ந்த மற்லியே கல்லமேட்டையும் ஆராய்ச்சி உலகுக்குக் காட்டியவர்.

1980 களின் பிற்பகுதியிலே, புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் கல்லமேட்டிற் கிடைத்த பெரிய என்புகள் சிலவற்றை விவரித்தனர். இடுப்பென்பின் பகுதி, தொடையென்பின் பகுதி, கணைக்காலென்பு, முன்கையென்பு, வாற்பகுதி முள்ளென்பு என்பன அவை. பேருடல் எனப் பொருள்படும் பிருகத்காயம் என்ற வடசொல்லைக் கொண்டு சாதிப்பெயரையும், மற்லியின் நினைவாக இனப்பெயரையும் அமைத்துப் பிருகத்காயோசோரஸ் மற்லியி என அதற்குப் பெயரிட்டனர். அதனை ஊனுண்ணும் டைனோசர் வகையில் முதலிற் சேர்த்தனர். 1990 களிலே சங்கர் சட்டர்ஜி அது தாவரவுண்ணியாகிய டைட்டனோசோராகவே இருத்தல் வேண்டுமென எடுத்துக்காட்டினார். பின்வந்த ஆராய்ச்சியாளர் பலரும் அவ்வழியே கருதினர்.

அவ்வென்புகளின் அளவே உலகத்தை வியக்கச் செய்தது. கணைக்காலென்பின் நீளம் 2 மீற்றர் என எழுதப்பட்டுள்ளது. ஆர்ஜென்ரீனாவிற் கிடைத்து 1993 இற் பெயரிடப்பட்ட ஆர்ஜென்ரினோசோரஸ், மிகப்பெரிய நிலவாழ் உயிர்களுள் ஒன்றென யாவரும் ஏற்றுக்கொண்டது. அதன் கணைக்காலென்பே ஏறத்தாழ 1.55 மீற்றர் நீளமுடையது. கல்லமேட்டு அளவு சரியாயின், நிலத்தில் நடந்த உயிர்களுள்ளே தமிழ்நாட்டிற் பிறந்ததே தலைமையுடையது எனலாம். ஆனால் அச்சரிமையைச் சோதித்தறிதற்கு என்பு இல்லை.

கல்லமேட்டு என்புகள் கல்லாய் முற்றும் இறுகாதவை; களிமண்ணிற் கிடந்து நீரை உறிஞ்சி உதிரும் இயல்பின. மழைக்காலத்தில் அம்மண் உப்பும்; கோடையில் வெடிக்கும். அதனோடு என்பும் வெடிக்கும். அகழ்ந்து எடுக்கப்பட்டவை நூதனசாலையை அடையுமுன்னரே உதிர்ந்து போயின என்பதை அய்யாசாமியும் கால்ற்றன் என்பவரும் 2017 இல் எழுதினர். முதற் கட்டுரையில் இருந்தவையோ கோட்டுப்படங்கள் மாத்திரமே. இதனால் உலக அறிஞரிடையே ஐயம் வளர்ந்தது. சிலர் அவை என்புகளே அல்ல, கல்லாகிய மரத்துண்டுகளாக இருத்தல் கூடுமென்றனர். இவ்வையம் முற்றிலும் பொருளற்றதன்று. அப்பிரதேசத்திற் கல்மரங்கள் உள்ளன. சாத்தனூரிலே 1940 ஆம் ஆண்டில் எம். எஸ். கிருஷ்ணன் அறிவித்த 18 மீற்றர் நீண்ட கல்மரம் இன்றும் அங்கே காக்கப்பட்டுள்ளது. ஜபல்பூரிலே கல்மரந்தேடியவர் என்பைக் கண்டார். கல்லமேட்டிலே என்பைக் கண்டவர் கல்மரத்தைக் கண்டாரோ என வினவப்பட்டார். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை, ஜபல்பூர் என்பைக் கையிலெடுத்து நோக்க முடிந்தமையே.

2022 ஆம் ஆண்டிலே பால், அய்யாசாமி ஆகியோர், அகழ்வின்போது எடுக்கப்பட்டிருந்த பழைய நிழற்படங்களை வெளியிட்டனர். அப்படங்களை நோக்கிய அறிஞர் பலர், அவை என்புகளே, சோரோபொட் ஒன்றினுடையனவே என்னும் கருத்தை வலுவுடையதாகக் கொண்டனர். 2023 இலே கிரெகரி போலும் லராமெண்டியும் அவ்வுயிரின் எடையைக் கணக்கிட முயன்றனர். அவர்கள் கண்ட அளவு 110 தொன் முதல் 170 தொன் வரை. மேலெல்லை நீலத்திமிங்கிலத்தோடு ஒப்பிடத்தக்கது. ஆயினும் வியப்பிற் சிந்தை மயங்காது அக்கணக்கை நோக்குவோர், இரண்டு எல்லைகளுக்கும் இடையே 60 தொன் வேறுபாடு இருத்தலைக் காண்பர். ஆபிரிக்க யானைகள் பத்தின் எடை அவ்வேறுபாட்டினுள் அடங்கும். இது கணக்கிட்டவர் குற்றமன்று. என்பு இல்லாதவிடத்தில் எண் உறுதிபெறாது.

இக்குறை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே 1878 இல் எட்வேட் கோப் விவரித்த ஏறத்தாழ 1.5 மீற்றர் உயர முள்ளென்பும் காணாமற் போய்விட்டது. அவ்வுயிரின் அளவு இன்றும் வழக்கில் உள்ளது. ஜேர்மனியின் மியூனிக் நகரில் இருந்த ஸ்பைனோசோரஸ் என்புகள் 1944 ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்தன. அவற்றை எடுத்து விவரித்த ஸ்ரோமரின் விரிவான எழுத்தும் படங்களுமே எஞ்சின. களிமண், கவனக்குறைவு, போர் என அழிவின் வாயில்கள் பல. ஆயினும் ஸ்ரோமரைப் போல நிறைய எழுதி, நிறைய அளந்து, நிறையப் படமெடுத்து வைத்தோரின் சான்று முற்றும் அழிவதில்லை. கல்லமேட்டு நிழற்படங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டு வெளிவந்தும் ஆற்றிய தொண்டு இதனை மெய்ப்பிக்கும்.

முடிவுரை

இரண்டு என்புகளின் வரலாற்றையும் ஒப்புநோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஜபல்பூர் முள்ளென்பு சிறியது. அது தாங்கிய பெயரும் இன்று ஐயத்துக்கு உரியது. எனினும் சிலீமன், ஸ்பில்ஸ்பரி, பிரின்செப், பல்கனர், லைடெக்கர், மொகபே எனக் கைமாறிக் கைமாறி வந்து, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒவ்வொன்றை உணர்த்திற்று. கல்லமேட்டு என்பு மிகப் பெரியது. ஒருவேளை உலகத்திற் பெரியது. எனினும் அதனைக் கண்டவரோடு அதன் பேச்சு நின்றுவிட்டது. ஆராய்ச்சியுலகிற் பொருளின் பெருமை அதன் அளவால் அமைவதன்று. மீண்டும் மீண்டும் நோக்கப்படுந் தகுதியால் அமைவது.

வரலாறு பயிலும் மாணவர் இதிலே தமக்குரிய பாடத்தையும் காணலாம். செல்லரித்த ஏடும், கோயிற் சுவரில் வெள்ளைபூசி மறைக்கப்பட்ட எழுத்தும், வயலிற் கிடைத்து உருக்கப்பட்ட நாணயமும் கல்லமேட்டு என்பின் வழியே சென்றவைதாம். இன்று பொருள் விளங்காத தொன்றைக் காத்து, அது கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதிவைத்தல், நாளை விளங்கிக்கொள்ளப் போகின்றவனுக்குச் செய்யும் உதவியாகும். 1832 இலே கல்கத்தாவில் இரண்டு கற்களைப் பெற்றுப் பேணியவர்கள் அவை யாவையென அறிந்திலர். அறியாமலே காத்தனர், அதனால் உலகம் அறிந்தது.

கல்லமேட்டு மண்ணோ இன்னும் அங்கேயே உள்ளது. மழை ஒவ்வோராண்டும் அதனைச் சிறிது சிறிதாக அரித்து, புதையுண்டவற்றை மேலே கொணர்கின்றது. பேருடல் உயிரின் மற்றோர் என்பு அங்கே வெளிப்படுமாயின், அதனை முதலிற் காண்பவன் அறிஞனாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. உழவனாகவோ மாணவனாகவோ இருக்கலாம். அவன் அதனை அசையாது விட்டு, அறிந்தார்க்கு உரிய காலத்தில் அறிவிப்பானாயின், நூற்றாண்டின் ஐயம் ஒன்று ஒரே நாளில் தீர்தலுங் கூடும்.